பேக்கப்பில் கடைசிப் பதிவுகள் மட்டும் காணாமல் போவது

உங்கள் ஆண்ட்ராய்டு ஆப்பை பேக்கப் எடுக்கும்போது டிபி (டேட்டாபேஸ்) கோப்பை மட்டும் நகல் எடுப்பதுதான் சிக்கல். ரீஸ்டோர் செய்ததும் கடைசியாகச் சேர்த்த பதிவுகள் மட்டும் இல்லை என்கிறீர்கள். அவை அழியவில்லை, பக்கத்தில் இருக்கும் வால் (ரைட்-அஹெட் லாக், புது மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் இடம்) கோப்பிலேயே தங்கிவிட்டன.

ஆண்ட்ராய்டின் டேட்டாபேஸ் லைப்ரரியான ரூம், பெரும்பாலான போன்களில் அடியில் இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸை வால் முறையில்தான் திறக்கும். புதிதாக எழுதுவது முதலில் '-வால்' என்று முடியும் கோப்புக்குப் போகும், செக்பாயின்ட் (வாலில் இருப்பதை டிபிக்கு மாற்றும் வேலை) நடந்த பிறகே டிபி கோப்புக்கு வரும்.

உறுதி செய்ய, ஒரு பதிவைச் சேர்த்த கையோடு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் டிவைஸ் எக்ஸ்ப்ளோரரில் டேட்டாபேசஸ் ஃபோல்டரைப் பாருங்கள். வால் கோப்பு பூஜ்ஜிய பைட்டாக இல்லாவிட்டால் பெரும்பாலும் இதேதான் காரணம்.

நகல் எடுக்கும் முன் 'பிராக்மா வால்_செக்பாயின்ட்(ட்ரன்கேட்)' என்ற எஸ்கியூலைட் கட்டளையை ஓட்டுங்கள், அது செக்பாயின்ட் செய்து வால் கோப்பைக் காலியாக்கும். ராகுவெரி என்ற ஃபங்ஷனில் கொடுத்தால், அது திருப்பித் தரும் கர்சரை (முடிவுகளைப் படிக்க உதவுவது) முதல் வரிசைக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் கட்டளை ஓடவே ஓடாது. அந்த வரிசையின் முதல் நெடுவரிசையில் 0 வர வேண்டும். 1 வந்தால் ஆப்பின் வேறு ஏதோ திரெட் (இணையாக ஓடும் வேலை) டேட்டாபேஸைப் பிடித்திருக்கிறது, செக்பாயின்ட் முடியவில்லை, அந்த நகலை நம்பாதீர்கள்.

அப்புறம், ரீஸ்டோர் செய்யும்போது டேட்டாபேஸை மூடிவிட்டு, பழைய வால் கோப்பையும் அதன் துணையான எஸ்ஹெச்எம் கோப்பையும் கட்டாயம் நீக்குங்கள். புது டிபியோடு பழைய வால் சேர்ந்தால் டேட்டாவே சிதைந்துபோகலாம்.