சக்கர் மீனின் வாய்

அன்புள்ள சார்,

ஆறு வருடமாக மிச்சிகனில் இருக்கிறேன். சென்ற வருடம்தான் ஃப்ளை ஃபிஷிங் (முள்ளில் இறகு, நூல் கட்டிச் செய்த ஃப்ளை என்னும் பொய் இரையால் மீன் பிடிப்பது) பழகினேன். இந்த ஏப்ரலில் ஸ்டீல்ஹெட் என்ற ட்ரவுட் மீனைப் பிடிக்கலாம் என்று மஸ்கீகன் ஆற்றுக்குப் போய், குரோட்டன் அணைக்குக் கீழே நின்றேன். ஏழு வயது மகளும் கூட வந்திருந்தாள். விடிந்ததிலிருந்து மதியம் வரை ஒரு ஸ்டீல்ஹெட்கூட இல்லை. வந்ததெல்லாம் வெறும் சக்கர். மொத்தம் ஐந்து. அதில் ஒன்றுக்கு வால் பக்கத்தில் தூண்டில் முள் மாட்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "தண்ணியில விடாதே, கரையில தூக்கிப் போடு. ட்ரவுட் முட்டையைத் தின்கிற குப்பை மீன் அது" என்றார். நான் தண்ணீரில்தான் விட்டேன். ஆனாலும் கூச்சமாக இருந்தது. மகள் "அதுக்கு ஏம்ப்பா வாய் அடியில இருக்கு?" என்று கேட்டாள். "அது அசிங்கமான மீன் கண்ணு, அதான்" என்று சமாளித்துவிட்டேன்.

நீங்கள் இந்தப் பக்கம் வந்து மீன் பிடித்ததைப் பற்றி முன்பு ஒரு கட்டுரையில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். சக்கர் வராமல் ஸ்டீல்ஹெட் மட்டும் வர எந்த ஃப்ளை கட்ட வேண்டும்? முட்டை மாதிரி இருப்பதா, புழு மாதிரி இருப்பதா? இன்னொன்று. பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது பாவம் இல்லையா என்று என் மனைவி கேட்கிறாள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் கெண்டை வாங்கி வந்திருந்தேன். கழுவும்போது அதன் வாயை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "ரெண்டு மீன் கழுவ அரை மணி நேரமா?" என்று உள்ளிருந்து சத்தம் வந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. எதை நினைத்து நின்றேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனைவியின் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் அதை நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேஜையில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மேஜையில் மீன் வறுவல் இல்லாத நாளாகப் பார்த்து. நான் நடுவில் வரவில்லை.

அடுத்து, அந்த ஐந்து. நான்கு என்று திருத்திக்கொள்ளுங்கள். வாலில் முள் ஏறிய மீன் உங்கள் ஃப்ளையைப் பார்த்துக்கூட இருக்காது. அது தன் வேலையில் இருந்தது. நீங்கள் போய் அதன் மேல் கொக்கியை இழுத்திருக்கிறீர்கள். எங்கே நின்றிருப்பீர்கள் என்று இங்கிருந்தே சொல்ல முடியும். முழங்கால் ஆழம், அடியில் கூழாங்கல், தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஓடும் இடம். சரிதானே? தண்ணீர் பத்து டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது வெள்ளை சக்கர் ஏரியிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடுவது அங்கேதான். பெண் மீன் நடுவில், இரண்டு பக்கமும் ஆண் மீன்கள் நெருக்கிக்கொண்டு, சில நொடிகள் மூன்றும் சேர்ந்து நடுங்கும். அவ்வளவுதான், முட்டை கல்லிடுக்கில் இறங்கிவிடும். கூடு இல்லை, காவல் இல்லை. அந்தக் கல்லின் மேல் நீங்கள் ரப்பர் பூட்ஸோடு நடந்திருக்கிறீர்கள். இனிமேல் நடக்காதீர்கள். அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி ஆழமாகும் மடுவில் நிறைய மீன் முறை காத்துக்கொண்டு நிற்கும். அங்கே போடுங்கள். அங்கே எடுக்கிற மீன் வாயால் எடுக்கும்.

சரி, வாய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது பக்கத்தில் நின்ற மனிதர் இல்லை. அவருக்கு அவருடைய அப்பா சொன்னது, அவருக்கு அவருடைய தாத்தா சொன்னது. கோபப்படுத்தியது நீங்கள். ஏழு வயதுக் குழந்தை ஒரு மீனைப் பார்த்த மாத்திரத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறது. நீங்கள் அதற்கு "அசிங்கம்" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பொறியாளர் (நீங்கள் பொறியாளர் என்று நானாக முடிவு செய்துகொண்டேன், அந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்!) சொல்கிற பதிலா அது? ஒரு கருவி ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று யோசிப்பதுதானே உங்கள் தொழில்?

ஸ்டீல்ஹெட்டின் வாய் முன்னால் இருக்கிறது, ஏனென்றால் அது எதிரே வருவதைத் துரத்திப் பிடிக்கிறது. சக்கரின் சாப்பாடு தரையில் இருக்கிறது. மணலுக்குள் இருக்கும் கொசு மாதிரிப் பூச்சிகளின் புழுக்கள், சின்ன ஓட்டு உயிர்கள், கல்லில் படிந்த பாசி. தலையைக் குனிந்து தேட வேண்டாம். மீன் நேராக நீந்திக்கொண்டே இருக்கலாம், வாய் மட்டும் கீழே நீளும். அப்படி நீண்டு மண்ணோடு சேர்த்து உறிஞ்சும், வேண்டியதை வைத்துக்கொண்டு மணலைத் துப்பிவிடும். தாடையில் பல் கிடையாது. அரைக்கிற பல் தொண்டைக்குள் இருக்கிறது. உதட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா? தடித்த உதடு, அது முழுக்கச் சின்னச் சின்ன மொட்டுகள். தொட்டும் ருசித்தும் கண்டுபிடிக்கிற உதடு அது. கலங்கிய தண்ணீரில் கண்ணால் என்ன செய்ய முடியும்? நாம் இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடுகிறோமே, அந்த வேலையை உதட்டால் செய்கிற மீன்.

முள்ளை எடுக்கும்போது அந்த உதடு உங்கள் விரலைப் பற்றியிருக்கும். பற்றவில்லை என்றால் நீங்கள் கையுறை போட்டிருந்தீர்கள் என்று அர்த்தம். அடுத்த முறை கழற்றிவிடுங்கள்.

இப்போது கெண்டைக் கதை. சக்கரும் கெண்டையும் தூரத்து உறவு. ஒரே வரிசையில் வருகிற இரண்டு குடும்பங்கள். தொண்டையில் பல், சதைக்குள் கவை கவையாக முள், இரண்டுக்கும் பொது. அங்கே சக்கரைச் சாப்பிடுகிறவர்கள் சதையைக் கத்தியால் நெருக்கி நெருக்கிக் கீறி, சூடான எண்ணெயில் போட்டு முள்ளை மொறுமொறுவென்று ஆக்கிவிடுகிறார்கள். என் அம்மா கெண்டைக்குச் செய்தது அட்சரம் பிசகாமல் அதே வேலை. அதனால்தான் எனக்குக் கெண்டையைக் கழுவும்போதெல்லாம் அந்த ஆறு நினைவுக்கு வந்துவிடுகிறது.

பத்து வருடத்துக்கு முன்னால் தம்பி வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். கிராண்ட் ராபிட்ஸில். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் அவன் என்னை பெர் மார்க்வெட் ஆற்றுக்குக் கூட்டிப் போனான். நிழல் பட்ட இடத்தில் இன்னும் பனி இருந்தது. எனக்கு வீசத் தெரியாது. நரம்பை இரண்டு முறை மரத்திலும் ஒரு முறை தம்பியின் தொப்பியிலும் மாட்டினேன். மூன்றாவது மணி நேரத்தில் தக்கை அமுங்கியது. வேரில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து இழுத்தால், வேர் தலையை ஆட்டியது.

ஏறக்குறைய இரண்டடி நீளம் இருந்தது. ஆண் மீன். முட்டையிடும் காலத்தில் ஆணின் அடித்துடுப்பில் வெள்ளை வெள்ளையாக முண்டுகள் வரும். கையில் உப்புத்தாள் மாதிரி உரசியது. எனக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. அப்போது கீழ்ப்பக்கம் நின்ற ஒருவர், உங்கள் ஆள் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னார். தம்பி தூரத்தில் இருந்தான். அந்நிய ஊர், அந்நிய ஆறு, தெரியாத விளையாட்டு. கையில் இருந்தது குப்பை என்று ஒருவர் சொல்கிறார். எனக்கு அவர் முன்னால் விவரம் தெரிந்தவனாகத் தெரிய வேண்டியிருந்தது. கரையில் எறிந்தேன்.

அது புல்லில் விழுந்து இரண்டு முறை துள்ளியது. அப்புறம் துள்ளவில்லை. ஆனால் வாய் மட்டும் நீண்டு நீண்டு சுருங்கியது. உலர்ந்த புல்லைத் தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. தரை கிடைத்துவிட்டது, ஆனால் அது இல்லையே என்பதுபோலத் தடவிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கிளம்பும்போதும் லேசாக அசைந்தது. அப்போதாவது தூக்கித் தண்ணீரில் போட்டிருக்கலாம். அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். போடவில்லை. தம்பியிடம் "ஒண்ணும் மாட்டல" என்று சொன்னேன்.

நீங்கள் கூச்சத்தோடாவது தண்ணீரில் விட்டிருக்கிறீர்கள். நான் செய்யாததைச் செய்திருக்கிறீர்கள். அதற்காக உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் "வெறும் சக்கர்" என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த "வெறும்" எங்கிருந்து வந்தது? நீங்கள் தேடிப்போன ஸ்டீல்ஹெட் இருக்கிறதே, அது அந்த ஊர் மீனே இல்லை. ஏரியில் வளர்ந்து ஆற்றில் ஏறுகிற ரெயின்போ ட்ரவுட். மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்தது. மிச்சிகனில் 1876ல் ஆ சேபிள் ஆற்றில் விட்டார்கள். பிரவுன் ட்ரவுட் ஜெர்மனியிலிருந்து வந்து, 1884ல் பெர் மார்க்வெட்டில் சேரும் பால்ட்வின் ஆற்றில் இறங்கியது. கோஹோ சால்மன் வந்தது 1966ல். எல்லாம் நம்மைப் போல வந்து குடியேறிய கூட்டம். சக்கர் மட்டும்தான் சொந்த ஊர்க்காரன். வந்தவர்களெல்லாம் சேர்ந்து ஊர்க்காரனைக் குப்பை என்கிறார்கள். அதில் ஆறு வருடத்துக்கு முன்னால் விசாவோடு வந்த நீங்களும் ஒருவர். சிரிப்பு வருகிறதா? எனக்கு வருகிறது.

அந்த ஏரிகளைச் சுற்றி வாழும் ஓஜிப்வே மக்கள் இதை நமேபின் என்கிறார்கள். ஒரு மாதத்துக்கே, பெரும்பாலும் பிப்ரவரிக்கு, சக்கர் நிலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரிகானில் கிளாமத் பழங்குடியினர் தங்கள் சக்கர் மீனை ச்வாம் என்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தபோது 1986ல் அவர்களே அந்த மீன்பிடிப்பை நிறுத்திவிட்டார்கள். அரசாங்கம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று பட்டியலில் சேர்த்தது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான். இன்றும் வசந்தத்தில் அந்த மீன் திரும்பி வருவதற்குச் சடங்கு செய்கிறார்கள்.

முட்டை தின்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். கிடைத்தால் தின்னும். ஆற்றில் எந்த மீன் தின்னாது? ஏப்ரலில் உங்கள் ஸ்டீல்ஹெட் மடுவில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? மேலே இருந்து உருண்டு வரும் சக்கர் முட்டையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பசிபிக் சால்மன் முட்டையிட்டுச் செத்து ஆற்றுக்கு உரமாகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சக்கர் சாகாமலே அதைச் செய்கிறது. மிச்சிகன் ஏரியில் கலக்கும் ஓடைகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஏரியில் தின்று சேர்த்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் முட்டையாகவும் கழிவாகவும் ஓடையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. அதில் பாசி வளர்கிறது.

நிறைய எழுதிவிட்டேன். நீங்கள் கேட்டது ஃப்ளையைப் பற்றி, இல்லையா? சக்கரை வடிகட்டுகிற ஃப்ளை எதுவும் கிடையாது. முட்டை, புழு, இரண்டையும் இரண்டு மீனும் எடுக்கும். சக்கர் வேண்டவே வேண்டாம் என்றால் தரையை விட்டு மேலே வாருங்கள். பெரிய ஸ்ட்ரீமர் (சின்ன மீன் மாதிரி இருக்கும் ஃப்ளை) கட்டி ஆற்றுக்குக் குறுக்கே நீந்தவிட்டால் ஸ்டீல்ஹெட் துரத்தும், சக்கர் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

ஆனால் தரையில்தான் போடுவேன் என்றால், நூல்கண்டு நூலைச் சின்னச் சின்ன வளையமாகச் சுருட்டிக் கட்டுகிற ஒரு ஃப்ளை இருக்கிறது. வெளிறிய மஞ்சளில் கட்டுங்கள். ஸ்டீல்ஹெட்காரர்கள் பலர் பெட்டியில் வைத்திருப்பார்கள், உங்கள் பக்கத்தில் நின்றவரிடமும் இருந்திருக்கும். கடையில் அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மகள் பக்கத்தில் இருக்கும்போது. சக்கர் ஸ்பான், அதாவது சக்கர் முட்டை.