கொழுந்து நிறுவை பதிவானதா? பரிவர்த்தனை நிலையைச் செயலி அறிய வேண்டிய முறை

கேள்வி: ஹட்டன் பகுதியில் சிறு தேயிலைத் தோட்ட உடைமையாளர்கள் தரும் பச்சைக் கொழுந்தின் நிறையை எதேரியம் என்ற தொகுதிச்சங்கிலியின் (பலரது கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் ஏட்டின்) சோதனை வலையமைப்பில் பதியும் செயலியொன்றை இருவர் சேர்ந்து எழுதிவருகிறோம். ஒப்பந்த நிரல் (சங்கிலியிலேயே இயங்கும் நிரல்) வெளியிடும் நிகழ்வு என்ற அறிவிப்பு வந்து சேர்ந்ததும் திரையில் "பதிவானது" என்று காட்டுகிறோம். மழை நாட்களில் சில நிறுவைகள் "காத்திருக்கிறது" என்றே நின்றுவிடுகின்றன. மீண்டும் அனுப்பினால் சில இரண்டு தடவை பதிவாகின்றன. பிழை எங்கே?

பதில்: மழையில் இணையத் தொடர்பு அறுந்துபோவது குறையை வெளிக்காட்டுகிறதே தவிர, குறை அதுவல்ல. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை நிறையை உரத்துச் சொல்வது வேறு, அதைச் செக்ரோல் ஏட்டில் எழுதுவது வேறு. உங்கள் செயலி குரலை மட்டும் கேட்டுவிட்டு, ஏட்டைப் புரட்டிப் பார்க்காமல் இருக்கிறது.

எதேரியத்தில் தோல்வியடைந்த பரிவர்த்தனையும் தொகுதியில் (பரிவர்த்தனைகள் சேர்த்துப் பதியப்படும் ஏட்டுப் பக்கத்தில்) ஏறும், கட்டணமும் கழியும். ஆனால் அதன் விளைவுகள் யாவும் திருப்பப்படுவதால் நிகழ்வு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே நிகழ்வுக்காக மட்டும் காத்திருப்பவருக்குத் தோல்வி என்ற செய்தி ஒருபோதும் வராது. அதைச் சொல்வது பரிவர்த்தனையின் பற்றுச்சீட்டு. 2017 ஒக்டோபரில் வந்த பைசாண்டியம் மேம்படுத்தலிலிருந்து அதில் நிலை என்ற புலம் இருக்கிறது: 1 என்றால் வெற்றி, 0 என்றால் தோல்வி. பற்றுச்சீட்டே வரவில்லையென்றால் தொகுதியில் இன்னும் ஏறவில்லை என்றுதான் பொருள்; தோல்வி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இரட்டைப் பதிவு நேர்வதும் இந்த அவசர முடிவினால்தான். மீண்டும் அனுப்பும்போது உங்கள் நிரல் புதிய நான்ஸ் எண்ணை (கணக்கிலிருந்து அனுப்பும் பரிவர்த்தனைகளின் வரிசை எண்ணை) எடுத்துக்கொள்கிறது. வலையமைப்பின் பார்வையில் அது இன்னொரு நிறுவை. பழைய நான்ஸ் எண்ணையே வைத்துக் கட்டணத்தை மட்டும் உயர்த்தி அனுப்பினால் இரண்டில் ஒன்றுதான் ஏற முடியும். அப்போது ஹாஷ் (பரிவர்த்தனையின் அடையாளக் குறி) மாறிவிடுவதால், பழைய ஹாஷுக்குப் பற்றுச்சீட்டு வராமலே போகலாம். கணக்கின் உறுதியான நான்ஸ் உங்கள் எண்ணைத் தாண்டிவிட்டதா என்று பார்த்தால் மாற்றுப் பரிவர்த்தனை ஏறியது தெரியும். கையொப்பமிட்ட உடனேயே ஹாஷைக் கணக்கிட்டுவிடலாம் என்பதால், அனுப்புவதற்கு முன்பே ஹாஷையும் நான்ஸையும் கைபேசியில் சேமித்துவிடுங்கள். இவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு துண்டுச்சீட்டு இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் மறுபடி வந்தால் ஒப்பந்த நிரலே மறுக்கும்படி எழுதுவதையே நான் முதலில் செய்வேன்.

இனி, நிகழ்வுகளைக் கேட்கும் நிரல். வெப்சாக்கெட் இணைப்பு (தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பு) அறுந்திருந்த வேளையில் வந்த நிகழ்வுகளை, புதியவற்றை வரவர அனுப்பும் சந்தா முறை திரும்பத் தராது. கடைசியாகக் கையாண்ட தொகுதியின் எண்ணைத் தரவுத்தளத்தில் குறித்துவைத்து, மீண்டும் இணைந்ததும் அந்த எண்ணிலிருந்து பழைய நிகழ்வுப் பதிவுகளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே நிகழ்வு இரு வழியிலும் வரக்கூடும் என்பதால், தொகுதி ஹாஷையும் பதிவின் வரிசை எண்ணையும் சேர்த்துத் தனித்துவச் சாவியாக்கிக்கொள்ளுங்கள். சங்கிலியின் நுனி (புதிய தொகுதிகள் சேரும் முனை) மாறி, ஒரு தொகுதி தள்ளப்பட்டால், அதே நிகழ்வு "நீக்கப்பட்டது" என்ற குறியுடன் மறுபடி வரும். அந்த நேரத்தில் நீங்கள் இணைப்பில் இல்லாவிட்டால் அந்தக் குறியும் தவறிப்போகும். எனவே பணம் கொடுப்பதற்கான கணக்கை, இறுதியான (இனி மாறாத) தொகுதி வரை மட்டுமே எடுக்க வேண்டும். ஒரு தொகுதிக்கான இடைவெளி 12 விநாடி. அப்படி 32 சேர்ந்தது ஒரு சுற்று. வழமையாக இரண்டு சுற்றுக்குப் பின், ஏறத்தாழ 13 நிமிடத்தில், இறுதித்தன்மை கிடைக்கிறது. கொழுந்து லொறி ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது முடிந்துவிடலாம்; மலைநாட்டுப் பாதைகளில் யாருக்கும் அது தாமதமாகத் தோன்றாது.

ஆலையும் உடைமையாளர்களும் மட்டுமே பங்கேற்கும் ஏடு போதுமென்றால், அனுமதி பெற்றோர் மட்டும் சேரும் தொகுதிச்சங்கிலியான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். அங்கே நுனி மாறும் தொல்லை இல்லை. ஆனால் செல்லாத பரிவர்த்தனைகளும் தொகுதியில் இருக்கும்; ஆகவே ஒப்படைப்பு நிலையில் வரும் சரிபார்ப்புக் குறியீட்டைப் பார்த்தாக வேண்டும். அங்கே 0 என்பதுதான் செல்லுபடி! எதேரிய நிரலை அப்படியே பெயர்த்து எழுதுவோர் இதில் சறுக்குவது இயல்பு. ஒருவரது மொத்த நிறை ஒரே சாவியில் இருந்து, இரண்டு தராசுகளிலிருந்து ஒரே வேளையில் அது திருத்தப்பட்டால், பிந்தியது, தான் வாசித்த மதிப்பு அதற்குள் மாறிவிட்டதால், வாசிப்பு முரண் என்று 11ஆம் குறியீட்டுடன் தள்ளப்படும். ஒவ்வொரு துண்டுச்சீட்டுக்கும் தனிச் சாவி வைத்து, மொத்தத்தைப் பின்னர் கூட்டிக்கொண்டால் இந்த முரண் எழாது.

திருத்திய பின், கேட்கும் நிரலைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்து, அதற்குள் சில நிறுவைகளை அனுப்புங்கள். அவற்றில் ஒன்று ஒப்பந்த நிரல் மறுக்கக்கூடியதாகவும், இன்னொன்று அதே நான்ஸுடன் இரு தடவை அனுப்பியதாகவும் இருக்கட்டும். நிரலை மறுபடி இயக்கும்போது மறுக்கப்பட்டது தோல்வியென்றும், மற்றவை ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டுமே பதிவானதாகவும் திரையில் வர வேண்டும்.