பேஸ்மென்ட்டுக்கு வந்த யூதக் குடும்பம்: வீட்டுக்காரர் எதற்குச் சம்மதிக்கலாம்?

கேள்வி: ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், தோர்ன்ஹில்லில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டை, தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்களுக்குத் தனி வாசல், தனிச் சமையலறை. நல்ல சனம்தான். ஆனால் வந்த கிழமையே ஓவனை மணிக்கணக்கில் உச்ச சூட்டில் விட்டு, வீடெல்லாம் புகை மணம். கதவு நிலையில் ஒரு சின்னப் பெட்டியை ஆணி வைத்து அடிக்கலாமா என்றார்கள். பக்கவாசலில் ஆள் நடந்தால் தானாக எரியும் லைட்டை வெள்ளி பின்னேரம் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பின்வளவில் குடில் வேறு போட வேண்டுமாம். ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்த வடையையும் அந்தத் தாய் நன்றி சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: வடையிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு நொந்தது அங்கேதான் என்று படுகிறது.

உங்கள் வடையில் ஒரு குறையும் இல்லை, சிக்கல் சட்டியில். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரவே கூடாது, பாத்திரங்களும் தனித்தனி. அந்த விதி இல்லாத சமையலறையின் சட்டியில் பொரித்தால், வெறும் உளுந்தாக இருந்தாலும் அவர்களுக்கு ஆகாது. விரதச் சட்டியைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அம்மம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. ஏதாவது கொடுக்க ஆசையென்றால் பழத்தை வெட்டாமல் முழுசாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் கோஷர் என்று சான்று சொல்லும் சி.ஓ.ஆர். முத்திரையோ, வட்டத்துக்குள் யூ எழுத்தோ உள்ள, உடைக்காத பாக்கெட். ஓவன் புகைக்கும் இதுதான் காரணம். முன்பு இருந்தவர்கள் அதில் என்ன சமைத்தார்களோ தெரியாது. அதனால் 'செல்ஃப் கிளீன்' போட்டு, கிட்டத்தட்ட 480 பாகை செல்சியஸில் எரித்து எடுக்கிறார்கள். அடுத்த முறை முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வைக்கலாம். வீட்டில் கிளி, குருவி வளர்த்தால் அன்றைக்கு அவற்றை வெளியே கொண்டுபோய்விடுங்கள். அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

இனி வெள்ளிக்கிழமை. வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன்னிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள். விளக்குப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. நடந்தால் எரியும் லைட் என்றால், நடப்பதே சுவிட்ச் போட்ட மாதிரி. ஜொகன்னஸ்பேர்க்கில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் சூரியன் மறையும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணித்தியாலம்தான் மாறும். ரொறன்ரோவில் டிசம்பரில் மாலை 4.40, ஜூனில் இரவு 9 மணி! அங்கே வேலை முடிந்து ஆறுதலாக வந்து ஓய்வுநாளைத் தொடங்கும் மெழுகுதிரியை ஏற்றிய பெண், இங்கே டிசம்பரில் நாலு மணிக்கே தலைதெறிக்க ஓடி வர வேண்டும். குடியேற்ற உதவி வேலையில் ஒருமுறை அப்படியொரு வீட்டில் நின்றிருந்தேன். அந்தம்மா கோட்டைக் கழற்றாமலே ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த லைட் பொத்தானை அமுக்கி அதன்மேல் ஒரு டேப் துண்டை ஒட்டினார். அப்புறம்தான் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

அந்த நேரத்தில் உங்களிடம் நேரடியாக உதவி கேட்கவும் பொதுவாக விதி இடம் கொடுக்காது. எல்லாவற்றையும் வியாழக்கிழமையே பேசி முடியுங்கள். சென்சரை நிறுத்திவிட்டு டைமர் போடுங்கள். வாசலில் எண் அழுத்தித் திறக்கும் மின் பூட்டு இருந்தால், சாதாரணச் சாவிப் பூட்டும் வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமை பிள்ளைகளோடு பனியில்தான் நிற்பார்கள். வாடகைத் தேதி சனியில் விழுந்தால் வெள்ளி காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் உங்களிடம் கண்டிப்பாகச் சொல்ல நினைப்பது நெருப்பைப் பற்றி. ஓய்வுநாளில் அடுப்பு மூட்ட முடியாததால், சாப்பாடு சூடாக இருக்க ஹாட் பிளேட்டை இரவு முழுக்க விடுவார்கள். 2015 மார்ச்சில் நியூயோர்க், புரூக்ளினில் அப்படி விட்ட ஹாட் பிளேட்டால் தீப்பற்றி, ஒரே குடும்பத்தில் 7 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வீட்டில் புகை அலாரம் பேஸ்மென்ட்டில் மட்டும்தான் இருந்தது. ஒன்ராறியோவில் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் புகை அலாரம் வைப்பது வீட்டுக்காரரான உங்கள் கடமை. இன்றைக்கே பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ஆபத்தென்றால் ஓய்வுநாளிலும் 911-ஐ அழைக்கலாம், அழைக்கத்தான் வேண்டும். உயிர் காப்பது ஓய்வுநாள் விதிக்கும் மேல் என்பது அவர்கள் சமயமே சொல்வது.

அந்தச் சின்னப் பெட்டி மெசுசா. உள்ளே வேத வசனம் எழுதிய தோல் சுருள். இரண்டு சின்ன ஆணி, அவ்வளவுதான். சம்மதியுங்கள்.

குடிலுக்கு வருவோம். சுக்கோத் பண்டிகைக்கு ஒரு வாரம் கிளை வேய்ந்த குடிலில் இருந்து சாப்பிடுவார்கள். மொன்றியலில் ஒரு கொண்டோ அடுக்குமாடி நிர்வாகம் பால்கனியில் குடில் கூடாதென்று தடுத்து, வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004-இல் 5க்கு 4 என்ற கணக்கில் குடில்காரர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. வாடகை வீடு வேறு கதைதான். ஆனாலும் ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் வாடகை விஷயத்தில் சமயத்தைப் பாதுகாக்கிறது; சமையலறையோ குளியலறையோ உங்களோடு பொதுவில் இல்லாததால் அது உங்களுக்கும் பொருந்தும். எனவே எடுத்த எடுப்பில் 'முடியாது' என்று சொல்லிவிடாதீர்கள். இடத்தைக் காட்டுங்கள், சுவரில் துளை போடக் கூடாது, காற்றுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும், பண்டிகை முடிந்ததும் கழற்ற வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அநேகமாக உங்களையும் அந்தக் குடிலுக்குக் கூப்பிடுவார்கள். போங்கள், ஆனால் தடித்த ஜாக்கெட்டோடு. அவர்கள் ஊரில் அந்தப் பண்டிகை வசந்தகாலத்தில் வரும். தோர்ன்ஹில் ஒக்டோபர் இரவு எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது.