ஸ்கேன் நார்மல், வலிப்பு மட்டும் நிற்கவில்லை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகனுக்கு வயது 19. அடிவயிற்றிலிருந்து என்னமோ மேலே ஏறுது என்பான். அப்புறம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு வாயைச் சப்புக்கொட்டுவான், சட்டைப் பொத்தானை நோண்டுவான், கூப்பிட்டால் பதில் வராது. இரண்டு மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்தது. மதுரை டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்கிறார். இன்னொரு தடவை கதிர்வீச்சு உடம்புக்கு ஆகுமா? வலிப்பு வர வர மூளை சுருங்கும் என்கிறார்களே?
- வாசகி, தேவகோட்டை

பதில்: கதிர்வீச்சுப் பயம் வேண்டாம் ஆச்சி. எம்.ஆர்.ஐ. காந்தத்தில் எடுப்பது, அதில் எக்ஸ்ரே கிடையாது, சி.டி. ஸ்கேனில்தான் உண்டு. உங்கள் டாக்டர் சொல்வது சரி, தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள், வயிற்றிலிருந்து ஏறுவது, வாய் சப்புவது, பொத்தானை நோண்டுவது எல்லாம், பெரும்பாலும் காதுக்கு உட்புறமாக இருக்கும் பொட்டு மடலிலிருந்து கிளம்பும் வலிப்பில் வருபவை. அந்த மடலின் உள்விளிம்பில் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. அது தழும்பேறிச் சுருங்கிப்போவதுதான் இந்த வகை வலிப்பில் அடிக்கடி காணும் மாற்றம், சிறு வயதில் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு வந்தவர்களிடம் இது கூடுதல். தலைவலிக்கு எடுப்பதுபோல 5 மில்லிமீட்டர் கனத்தில் துண்டு துண்டாக எடுத்த படத்தில் இது தப்பிவிடலாம். வலிப்புக்கென்று எடுக்கும்போது 1 மில்லிமீட்டர் கனத்தில் இடைவெளி விடாமல் எடுப்பார்கள், ஹிப்போகாம்பஸைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் படமும் சேரும். உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2019இல் இந்த முறையைத்தான் பரிந்துரைத்தது. அதனால் ஸ்கேனுக்கு டாக்டர் எழுதும் சீட்டில் வெறுமனே ‘வலிப்பு’ என்று இருந்தால் போதாது, எனக்கு எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொல்லி அதில் எழுதி வாங்குங்கள். ஃபிலிமோடு, படங்களைப் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள், டாக்டர் கம்ப்யூட்டரில் வேண்டிய கோணத்தில் திருப்பிப் பார்க்க அதுதான் உதவும்.

மூளை சுருங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2018இல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து, வலிப்பு உள்ள 2149 பேரின் ஸ்கேனை, நோய் இல்லாத 1727 பேரின் ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேலடுக்கு சில இடங்களில் மெலிந்திருந்தது, நடுவே இருக்கும் தலாமஸின் வலப்பக்கம் சிறுத்திருந்தது. ஆனால் இது கூட்டத்தின் சராசரி. ஒருவருக்கு ஒரு முறை எடுத்த படம் என்பதால், வலிப்பால் சுருங்கியதா, முன்பே அப்படி இருந்ததால் வலிப்பு வந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இதை மகன் தலையில் ஏற்றிப் பயப்படாதீர்கள், அவன் காதுபடப் பேசவும் பேசாதீர்கள்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காத வலிப்பு, மூன்றாவது மருந்தில் நிற்பது குறைவு. அந்தத் தழும்பு ஸ்கேனில் தெரிந்து, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் அதே இடத்தைக் காட்டினால் அறுவை சிகிச்சைக்கு வழி பிறக்கிறது. கனடாவில் 80 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள், அறுவைப் பக்கம் 100க்கு 58, மருந்துப் பக்கம் 8. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ நிலையத்தில் 1995 முதல் இந்த அறுவை நடக்கிறது. போய் ஒரு முறை கேட்டுவிட்டு வருவதில் தப்பில்லை.

கேள்வி: ஸ்கேனில் மோதிரம்போல ஒரு புள்ளி, பன்றி நாடாப்புழுவின் கட்டி என்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம். இது எப்படி?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகாமல் சாப்பிட்டால் குடலில் புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து பொரியும் இளம்புழு. அந்த முட்டை, புழு உள்ளவரின் மலத்திலிருந்து தண்ணீர் வழியாகவும், கழுவாத கீரை, காய் வழியாகவும் யாருக்கும் வரலாம். யார் மீதும் பழி போடாதீர்கள். காசநோய்க் கட்டியும் படத்தில் கிட்டத்தட்ட இப்படியே தெரியும், அதனால்தான் சில மாதம் கழித்துத் திரும்ப எடுத்து, கட்டி மறைந்ததா, சுண்ணாம்பாகத் தங்கிவிட்டதா என்று பார்க்கிறார்கள். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதற்கும் அந்தப் படம் வேண்டும். தவறவிடாதீர்கள்.

கேள்வி: வலிப்பு வந்தால் அப்பத்தா பெட்டகச் சாவியைக் கையில் திணிக்கிறார். பலன் உண்டா?
- வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், சாவிக்குப் பெயர் வந்துவிடுகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. அப்பத்தாவிடம் கடிகாரத்தைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது என்று தெரிந்தால், ஸ்கேனில் எந்த இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குப் புரியும்.