ஜோனை 1230-ஐ வைத்து மட்டும் எடை போடலாமா?

கேள்வி: வேல்ஸ் அரசர் லிவெலினின் மனைவி ஜோன், கணவரின் விருந்தாளியோடு பிடிபட்டவர். அந்த ஆளைத் தூக்கில் போட்ட லிவெலின், மனைவியை மட்டும் மன்னித்து, இறந்தபின் அவர் நினைவாக மடமும் கட்டினார். இது பெருந்தன்மையா, பலவீனமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் இல்லை. 1205 முதல் 1237 வரை நீடித்த மணவாழ்க்கையில் 1230 என்ற ஒரே ஒரு ஆண்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு கேட்கிறீர்கள்.

ஜோன், இங்கிலாந்து மன்னர் ஜானுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். வடக்கு வேல்ஸில் குவினெத்தை ஆண்ட லிவெலினுக்கு அவரைக் கட்டிக்கொடுத்து, எல்லையிலிருந்த எல்ஸ்மியரைச் சீதனமாகத் தந்தார் ஜான். அப்படி வந்த பெண்ணுக்கு முதல் வேலை, பிறந்த வீட்டோடு சண்டை மூளும்போது நடுவில் நின்று பேசுவது.

1211-இல் அது உயிர்ப் பிரச்சினையானது. ஜான் இருமுறை படையெடுத்தார். முதல்முறை மக்களையும் மாடுகளையும் லிவெலின் மலைக்கு ஏற்றிவிட, ஆங்கிலப் படை பட்டினியோடு திரும்பியது. இரண்டாம் முறை ஜான் தக்க ஏற்பாடுகளோடு வந்து பாங்கரைக் கொளுத்தினார். அப்போது லிவெலின், தம் பிரபுக்களின் யோசனைப்படி, ஜோனைத்தான் தூது அனுப்பினார். கிடைத்த உடன்பாடு கசப்பானது. கான்வி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலம் போயிற்று. வேறொரு பெண்ணிடம் பிறந்த மகன் க்ரிஃபித் உட்படப் பலர் பிணையாகப் போனார்கள். ஜோன் வயிற்றில் வாரிசு பிறக்காவிட்டால் நாடே ஜானுக்கு என்றும் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் ஆட்சி தப்பியது. மறு ஆண்டே லிவெலின் மீண்டும் எழ அது போதும்.

இதைவிட நுணுக்கமானது வாரிசு விவகாரம். வேல்ஸ் சட்டப்படி, தந்தை தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டால் போதும். தாய் மனைவியாக இல்லாவிட்டாலும் மகனுக்குப் பங்கு உண்டு. அதன்படி க்ரிஃபித்துக்கும் உரிமை வரும், நாடு துண்டாகும். ஜோனின் மகன் டாவிதுக்கே முழுவதும் என்று லிவெலின் முடிவெடுத்தார். 1220-இல் ஜானின் மகனும் அடுத்த இங்கிலாந்து மன்னருமான மூன்றாம் ஹென்றியின் ஒப்புதல், 1222-இல் போப் மூன்றாம் ஹொனோரியஸின் உறுதி, 1226-இல் வேல்ஸ் பிரபுக்களின் சத்தியம் என்று ஒவ்வொன்றாக வாங்கினார்கள். ஓர் ஓட்டை மிச்சமிருந்தது. முறையான பிறப்பைக் காட்டி க்ரிஃபித்தை ஒதுக்கினால், டாவிதின் தாய் மட்டும் முறையாகப் பிறந்தவரா என்று எவரும் திருப்பிக் கேட்கலாம். அதே 1226-இல் போப், ஆங்கில அரியணைக்கு உரிமை ஆகாது என்ற நிபந்தனையோடு, ஜோனின் பிறப்பை முறையாக்கினார்.

இனி 1230. தூக்கில் போடப்பட்ட வில்லியம் டி பிரவோஸ் என்ற ஆங்கிலப் பிரபு வெறும் விருந்தாளி அல்ல. 1228-இல் கெரி போரில் லிவெலினிடம் சிறைப்பட்டு, 2,000 பவுண்டு மீட்புப் பணத்துக்கும், மகள் இசபெல்லாவை பில்த் கோட்டையோடு டாவிதுக்குத் தருவதாகவும் பேசி விடுதலையானவர். சம்பந்தி ஆகப்போகிறவர், ஈஸ்டரை ஒட்டி லிவெலினின் அறையிலேயே ஜோனோடு பிடிபட்டார். மே 2 அன்று ஊரறியத் தூக்கிலிட்டார்கள். அதன்பின் லிவெலின் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வில்லியமின் மனைவி ஈவாவுக்கு அவர் கடிதம் எழுதினார்: பிரபுக்களின் தீர்ப்பைத் தடுக்க முடியவில்லை, பேசிய திருமணத்தை நடத்த இன்னும் விருப்பமா? திருமணம் நடந்தது.

'மனைவியை மட்டும் மன்னித்தார்' என்பதும் அவசரத் தீர்ப்பு. ஏறத்தாழ ஓராண்டு ஜோன் காவலில் இருந்தார். 1231-இல்தான் திரும்ப அழைக்கப்பட்டார். அவரை அடியோடு விலக்கியிருந்தால், பாடுபட்டுக் கட்டிய டாவிதின் உரிமைமேலும் சேறு விழுந்திருக்கும். ஹென்றி, தந்தைவழியில் ஜோனின் தம்பி. அவரோடு பேசும் வாசலும் அடைபட்டிருக்கும்.

ஆனாலும் எல்லாமே கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். 1237 பிப்ரவரி 2 அன்று ஆபெரில் ஜோன் இறந்தார். நீரிணைக்கு அக்கரையில், ஆங்கில்சி தீவின் லான்வைஸில் அவரை அடக்கம் செய்து, அங்கே பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு லிவெலின் மடம் அமைத்தார். வாரிசுரிமையைக் காக்க மடம் தேவையில்லை. அதை அன்பு என்று சொல்ல நமக்கு ஏன் தயக்கம்?

1240 ஏப்ரலில் லிவெலின் இறந்தார். அடுத்த மாதமே டாவித் குளோஸ்டருக்குப் போய், தாய்மாமன் ஹென்றியிடம் குவினெத்தின் ஆட்சியாளராக அங்கீகாரம் பெற்றார்.