நானூறு வயதுச் சாமியாருக்கு யார் வேஷம் கட்டுவது?

வாசகர் கேள்வி, மேடைக்காரர் பதில்

(சாணக்கியர் என்றும் அழைக்கப்படும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் போர், முற்றுகை, ஒற்றாடல் பற்றி வரும் பகுதிகளை நகைச்சுவை நாடகமாக்கி மேடையேற்றிவரும் இயக்குநர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

படையெடுப்பு, முற்றுகை, விஷம், வேவு என்று போகிற நூலில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?
கல்லூரி ஆசிரியை, மதுரை

பதின்மூன்றாம் அதிகரணத்தை, அதாவது பதின்மூன்றாம் பகுதியை, ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள் அம்மா. நூலில் மொத்தம் 15 அதிகரணங்கள். பதின்மூன்றாவது, பகைவனின் கோட்டையைப் பிடிப்பது பற்றி. முற்றுகை, தாக்குதல் எல்லாம் பிற்பாடுதான். முதலில் வருவது ஏமாற்றிப் பிடிக்கிற வழிகள்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒற்றன் ஒருவன் மொட்டையடித்துக்கொண்டோ சடை வளர்த்துக்கொண்டோ பகைவனின் தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு மலைக்குகையில் போய் உட்கார வேண்டும். வயது நானூறு என்று சொல்லிக்கொள்ள வேண்டும். கூடவே ஏகப்பட்ட சீடர்கள். அவர்கள் கிழங்கும் பழமும் எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போய், ராஜாவையும் மந்திரிகளையும் தரிசனத்துக்கு அழைத்துவர வேண்டும். ராஜா வந்ததும் சாமியார் பழைய ராஜாக்களைப் பற்றி, ஏதோ கூடவே இருந்தவர் மாதிரி அடையாளங்களோடு சொல்ல வேண்டும். அப்புறம்தான் விஷயம். ‘ஒவ்வொரு நூறு வயது முடியும்போதும் நான் நெருப்பில் இறங்கிக் குழந்தையாகிவிடுவேன். இப்போது உன் முன்னால் நாலாவது தடவை இறங்கப்போகிறேன். மூன்று வரம் கேள்.’ ராஜா சரி என்றால், ‘பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏழு ராத்திரி இங்கே தங்கு, கூத்தும் விருந்தும் நடக்கட்டும்.’ தங்கினால் அவன் கதை முடிந்தது.

நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இதில் பிடித்த இடம் எது தெரியுமா? நூறுக்கு ஒரு தடவை, நாலாவது தடவை, ஆக வயது நானூறு. பொய்யைக்கூடக் கூட்டல் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற மனுஷர் கௌடில்யர்.

எங்கள் குழுவில் நடிகர்கள் ஐந்தே பேர். ‘ஏகப்பட்ட சீடர்கள்’ என்பதற்கு எங்கே போவது? இரண்டு பேர் மேடையின் வலப்பக்கம் நுழைந்து, சாமியாரை விழுந்து கும்பிட்டு, இடப்பக்கம் வெளியேறி, படுதாவுக்குப் பின்னால் ஓடிவந்து, துண்டை வேறு மாதிரி கட்டிக்கொண்டு மறுபடி வலப்பக்கம் நுழைவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு மூச்சு வாங்குவது முதல் வரிசைக்குக் கேட்கும். சாமியார் மட்டும் அசையாமல் ஒவ்வொருவருக்கும் ஆசி கொடுத்துக்கொண்டே இருப்பார்.

நகைச்சுவை வசனம் முழுவதும் நீங்கள் எழுதியதா? சமகால அரசியல் ஜோக் உண்டா?
வாசகர், ஈரோடு

அரசியல் ஜோக் கிடையாது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டுவதில்லை என்பதுதான் எங்கள் சட்டம். நூலில் இருக்கிற வாக்கியத்தை மேடைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு நடிகர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தாலுகா ஆபீசில் மனு எழுதச் சொல்லித்தருகிற ஆளின் தோரணையில் சொல்லு, சிரிப்பு பற்றிக் கவலைப்படாதே. நடிகர் கண்ணடித்தால் சபை ‘சரி, ஜோக் சொல்கிறார்’ என்று சாய்ந்து உட்கார்ந்துவிடும். அவர் நிஜமாகவே நம்பிச் சொன்னால்தான் சிரிப்பு வரும்.

பதினான்காம் அதிகரணத்தில் இருட்டில் பார்வை தெரிய ஒரு மை சொல்லியிருக்கிறார். பூனை, ஒட்டகம், ஓநாய், பன்றி, முள்ளம்பன்றி, வௌவால், காகம், ஆந்தை என்று ஒரு பட்டியல். இவற்றில் ஒன்றோ பலவோ பிடித்து, வலது கண்களைத் தனியாகவும் இடது கண்களைத் தனியாகவும் பொடி செய்ய வேண்டும். பிறகு வலது பொடியை இடது கண்ணிலும் இடது பொடியை வலது கண்ணிலும் தீட்ட வேண்டும். ஒத்திகையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த சிப்பாய் வேஷக்காரர் தன்னையறியாமல், ‘ஐயா, நம்ம வலதா, ஆந்தைக்கு வலதா?’ என்று கேட்டுவிட்டார். சட்டத்தை மீறி அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பத்தாம் அதிகரணத்தில் போருக்கு முன்னால் படைக்கு அறிவிக்கிற பரிசுப் பட்டியல் இருக்கிறது. எதிரி ராஜாவைக் கொன்றால் ஒரு லட்சம் பணம் (பணம் என்பது அந்தக் காலத்துக் காசு). சேனாபதி அல்லது இளவரசன் 50,000. பெரிய வீரர்களில் ஒருவன் 10,000. யானை அல்லது தேர் 5,000. குதிரை 1,000. காலாட்படைத் தலைவன் 100. சாதாரணத் தலை ஒன்றுக்கு 20. இதற்கு வசனமே எழுதவில்லை. கரும்பலகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, சாக்பீஸால் மேலிருந்து கீழாக எழுதச் சொன்னேன். ‘குதிரை 1,000’ என்ற வரிக்குக் கீழே ‘காலாட்படைத் தலைவன் 100’ என்று எழுதியதும், அந்தத் தலைவன் வேஷத்தில் நிற்கிறவர் பலகையைப் பார்ப்பார், பிறகு குதிரையைப் பார்ப்பார். அவ்வளவுதான் காட்சி. பட்டியலுக்குச் சற்று முன்னால் ராஜா படையைப் பார்த்து, ‘நானும் உங்களைப் போலச் சம்பளக்காரன்தான்’ என்று பேச வேண்டும் என்றும் நூலில் இருக்கிறது. அதை நாங்கள் பலகைக்குப் பிறகு வைத்துக்கொண்டோம்.

நூலில் நீளநீளமான வாதங்கள் வருமே, அவற்றை என்ன செய்தீர்கள்?
தமிழ் முதுகலை மாணவர், திருச்சி

பட்டிமன்றமாக்கிவிட்டோம். முதல் அதிகரணத்தில் மந்திரியாக யாரை வைப்பது என்ற தர்க்கம் வருகிறது. பழைய ஆசான்கள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். பாரத்வாஜர், கூடப் படித்தவர்களை வை என்கிறார். விசாலாக்ஷர், கூடாது, அவர்கள் ராஜாவோடு விளையாடியவர்கள், மதிக்க மாட்டார்கள். ராஜாவுக்கு இருக்கிற அதே ரகசியக் கெட்ட குணம் எவனுக்கு இருக்கிறதோ அவனை வை, அவன் பயந்து நடப்பான் என்கிறார். பராசரர், அப்படியானால் ராஜாவும் அவனுக்குப் பயப்பட வேண்டுமே என்கிறார். இப்படியே பிசுனர், கௌணபதந்தர், வாதவியாதி, பாகுதந்தீபுத்திரர் என்று ஒருவர் சொன்னதை அடுத்தவர் வெட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் நடுவர் கௌடில்யர் எழுந்து, எல்லாமே பொருத்தம்தான் என்று தீர்ப்புச் சொல்வார். இது நான் இட்டுக்கட்டியது இல்லை, நூலில் உள்ள தீர்ப்பே அதுதான். மற்ற பல வாதங்களில் ‘அப்படி அல்ல என்கிறார் கௌடில்யர்’ என்று எல்லோரையும் தள்ளிவிடுகிற ஆள், இங்கே மட்டும் இப்படி. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த சபைக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சாணக்கியர் எவ்வளவு பெரிய மேதை! அவரைக் கோமாளியாக்குவது பாவமில்லையா?
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, எங்கள் நாடகத்தில் அவர் கோமாளி இல்லை. மேடையில் ஒரே ஒருவர்தான் சிரிக்காதவர், அது அவர்தான். மேதை என்பதிலும் எனக்கு உங்களோடு சண்டை இல்லை.

நாடகக்காரர்களைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் குடியேற்றிய கிராமங்களில் கேளிக்கைக் கூடம் கூடாது; நடர், கூத்தர், பாடகர் போய் உழவு வேலையைக் கெடுக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வருகிற குழு காட்சிக் கட்டணமாக ஐந்து பணம் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஒரே இடத்தில் கிடக்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஊர், சாதி, குலம், காதல் விவகாரம் இவற்றையெல்லாம் கேலி செய்து சிரிக்க வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுக்கிறார். அந்த அனுமதியில்தான் ஐயா நாங்கள் பிழைக்கிறோம். இடைவேளைக்கு முன்னால் நடிகர் ஒருவர் மேடையிலேயே அவரிடம் ஐந்து பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்வார்.

சம்ஸ்கிருத நாடகம் மாதிரி விதூஷகன் பாத்திரம் சேர்த்திருக்கலாமே?
நாடக ஆர்வலர், நாகர்கோவில்

ராஜாவின் கூடவே வரும் கோமாளித் தோழன்தானே விதூஷகன்; யோசித்தோம். பழைய சம்ஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் ‘பிரதிக்ஞா யௌகந்தராயணம்’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே வீரர்களை ஒளித்துவைத்த பொய் யானையைக் காட்டி உதயணன் என்ற ராஜாவைப் பிடித்துவிடுகிறார்கள். அவனை மீட்க மந்திரி பைத்தியக்காரனாகவும், இன்னொருவர் பௌத்தத் துறவியாகவும், விதூஷகன் பிச்சைக்காரனாகவும் வேஷம் போட்டு உஜ்ஜயினியில் சந்தித்து யோசனை செய்கிற மூன்றாம் அங்கத்தைத்தான் கேரளத்துச் சம்ஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தில் ‘மந்திராங்கம்’ என்று ஆடுகிறார்கள். விதூஷகன் மலையாளத்தில் விளக்கம் சொல்லிச் சொல்லி நாள்கணக்கில் போகும். ராஜதந்திரமும் சிரிப்பும் ஒரே மேடையில் சேர்ந்ததற்கு அதைவிடப் பழைய பள்ளிக்கூடம் நமக்குப் பக்கத்தில் கிடையாது.

ஆனாலும் விதூஷகனை விட்டுவிட்டுக் கட்டியங்காரனைக் கொண்டுவந்தோம். தெருக்கூத்துப் பார்த்த ஜனங்களுக்கு அவன் சொந்தக்காரன். ராஜாவையும் வம்புக்கு இழுப்பான், சபையோடும் பேசுவான். பதின்மூன்றாம் அதிகரணத்தில் ஒற்றர்கள் கரடித்தோல் போர்த்தி, வாயிலிருந்து நெருப்பும் புகையும் விட்டுக்கொண்டு, ராட்சசர்களாக ஊரை இடமாக மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். நாயும் நரியும் ஊளையிடுகிற இடைவெளியில் பேச வேண்டும் என்று வருகிறது. வேஷம், புகை, நடை, பின்னணிச் சத்தம், வசனம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது வரை குறித்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு எந்த மேடை நிர்வாகியும் இவ்வளவு சுத்தமாகக் குறிப்பு எழுதித் தந்ததில்லை. கட்டியங்காரன் படுதாவுக்குப் பின்னாலிருந்து ஊளையிடுவான். ராட்சசர்கள் வாயைத் திறந்துகொண்டு அவன் நிறுத்துவதற்காகக் காத்திருப்பார்கள். அவன் நிறுத்த மாட்டான்.

மூல நூலை எதில் படிப்பது? உரிமை வாங்க வேண்டுமா?
அமெச்சூர் நாடகக் குழுவினர், சேலம்

மூலத்துக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. மொழிபெயர்ப்புகளைத்தான் பார்க்க வேண்டும். மொழிபெயர்த்தவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு என்பது நம் நாட்டு விதி. ஷாமசாஸ்திரியின் 1915 ஆங்கில மொழிபெயர்ப்பைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அவர் 1944இல் மறைந்தார்.

இந்தச் சுவடி கிடைத்த கதை உங்களுக்குப் பிடிக்கும். தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்த ஓலைச்சுவடி அது. 1905இல் ஷாமசாஸ்திரி கையில் பட்டு, 1909இல் அச்சேறியது. பிறகு திருவனந்தபுரத்தில் உரையோடு பதிப்பித்தவர் த. கணபதி சாஸ்திரி, திருநெல்வேலிப் பக்கம் தருவை ஊர்க்காரர். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில் பாசனின் நாடகங்களைக் கண்டெடுத்தவரும் அவரேதான். மேலே சொன்ன பொய் யானையும் அர்த்தசாஸ்திரமும் ஒரே மனிதரின் மேஜையில் கிடந்திருக்கின்றன! தமிழில் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரின் ‘கௌடலீயம் பொருணூல்’ இருக்கிறது. நடை கனம். சத்தமாக வாசியுங்கள், எந்த இடத்தில் நடிகர் நிற்க வேண்டும் என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

எதையாவது வேண்டுமென்றே விட்டுவிட்டீர்களா?
வாசகி, புதுச்சேரி

ஆமாம். விஷத் தயாரிப்புகள் முழுவதையும் விட்டோம். பறவைகளின் வாலில் தீ மருந்து கட்டிக் கோட்டைக்குள் திருப்பி அனுப்புகிற பகுதியை ஒத்திகை வரை கொண்டுவந்தேன். பஞ்சுப் புறாக்கள் செய்து கயிற்றில் இழுத்துப் பார்த்தோம். பார்க்க வந்திருந்த குழந்தைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாளே எடுத்துவிட்டேன்.

சீனத்து சுன் சூவின் போர்க்கலை நூலை அடுத்து நாடகமாக்குவீர்களா?
மென்பொருள் பணியாளர், சென்னை

13 அத்தியாயமும் நல்ல அறிவுரை. அறிவுரைக்கு வேஷம் கட்டுவது கஷ்டம். ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் ஆசை காட்டுகிறது. புழுதி உயரமாக நேராக எழுந்தால் தேர், தாழ்வாகப் பரவினால் காலாள், தண்ணீர் எடுக்கப் போனவன் முதலில் தானே குடித்தால் படை தாகத்தில் இருக்கிறது, இப்படி.

சுன் சூவைப் பற்றி சீன வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதிய கதை ஒன்று உண்டு. வூ நாட்டு ராஜா, அரண்மனைப் பெண்கள் 180 பேருக்குப் படைப் பயிற்சி கொடுத்துக் காட்டச் சொல்கிறார். சுன் சூ கட்டளை போட்டதும் பெண்கள் கலகலவென்று சிரிக்கிறார்கள். மறுபடி விளக்கிச் சொல்லிக் கட்டளை போடுகிறார், மறுபடி சிரிப்பு. தலைவிகளாக நின்ற ராஜாவின் பிரியமான இரண்டு பேரையும், ராஜா கெஞ்சியும் கேளாமல், வெட்டச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை. இதை நகைச்சுவை நாடகத்தில் எங்கே வைப்பது தம்பி? முடிவில் வைத்தால் சபை எழுந்து போகும்போது என்னைத் திட்டும்; முதலில் வைத்தால் அப்புறம் யார் சிரிப்பார்? வழி தெரிந்தால் எழுதுங்கள்.

ஆந்தைக் கொழுப்பும் கழுகுக் கொழுப்பும் தடவிய ஒட்டகத்தோல் செருப்பை ஆலிலையால் மூடிப் போட்டுக்கொண்டால் 50 யோசனை தூரம் களைக்காமல் நடக்கலாம் என்று ஒரு காட்சி வருகிறதே, அந்தச் செருப்பு எதில் செய்தது?
பள்ளி மாணவன், தஞ்சாவூர்

ரெக்சின். கொழுப்புக்கு வாசலின். ஆலிலை மட்டும் நிஜம், ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் பறிக்க வேண்டும். அந்தச் செருப்புப் போடுகிற நடிகருக்குக் காட்சி முடிவதற்குள் வழுக்குகிறதாம். இரண்டு தடவை ராஜா மடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.