ஞாயிற்றுக்கிழமை சாயங்கால அழுகை

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். வெளிநாடு வந்து எட்டு மாதம் ஆகிறது. வேலையில் குறையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கமில்லை. நண்பர் தெரபிக்கு, அதாவது ஆலோசகரிடம் பேசிப் பெறும் சிகிச்சைக்கு, போகச் சொல்கிறார். "அது பைத்தியம் பிடித்தவர்கள் போகிற இடம் இல்லையா? நடைப்பயிற்சியும் தியானமும் போதாதா?" என்பது உங்கள் கேள்வி.

நான் ஊரை விட்டு வந்து பத்தொன்பது வருடம். எனக்கு இது ஏழாவது மாதத்தில் வந்தது, நெஞ்சடைப்பு வேஷத்தில். மருத்துவரிடம் ஓடினேன். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. அவர் ஒரு தாளை நீட்டினார். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பிஎச்க்யூ-9 என்பது அதன் பெயர், மனச்சோர்வை அளப்பது. 10-ஐ எட்டினால் மேற்கொண்டு பேசிப் பார்ப்பார்கள். எனக்கு 13. நெஞ்சுக்கு மாத்திரை கேட்டு வந்தவனுக்குக் கேள்வித்தாளா என்று கோபம்தான் வந்தது.

"எனக்கு என்ன குறை, நானாக விரும்பித்தானே வந்தேன்" என்ற எண்ணம்தான் என்னை அதிகம் குழப்பியது. உங்களுக்கும் அது இருக்கும். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கை மாற்றங்கள் 43-க்குப் புள்ளி போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். துணையின் மரணம் 100, விவாகரத்து 73. கல்யாணத்துக்கும் 50 உண்டு, நல்ல மாற்றமும் உடம்புக்குச் சுமைதான் என்பதால். வீடு மாறுவது 20, வாழும் சூழல் மாறுவது 25, வேலை நேரமோ நிலைமையோ மாறுவது 20, பொழுதுபோக்கு 19, பழகும் வட்டம் 18, தூக்கம் 16, குடும்பத்தோடு கூடுவது 15, சாப்பாட்டுப் பழக்கம் 15. எல்லாமே சில்லறை. ஆனால் நாடு மாறுகிறவருக்கு இந்த எட்டும் ஒரே விமானத்தில் வந்து இறங்குகின்றன. கூட்டிப் பாருங்கள், 148. பழைய பட்டியல்தான், இதை வைத்து யாருக்கு என்ன வரும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கூட்டல் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பைத்தியம் என்ற பேச்சுக்கு வருகிறேன். பேச்சு வழியான சிகிச்சைகளில் ஒன்றை ஜெரால்ட் க்ளெர்மன், மிர்னா வைஸ்மன் ஆகியோர் 1970-களில் உருவாக்கினார்கள். இன்டர்பர்சனல் தெரபி என்பார்கள், மற்றவர்களோடு நமக்குள்ள உறவுகளை வைத்துச் செய்வது. வழக்கமாக வாரம் ஒரு தடவை, 12 முதல் 16 வாரம். அது கையாளும் பிரச்சினைகள் நான்கே வகை; அதில் ஒரு வகை முழுக்க வாழ்க்கையில் நம் இடம் மாறுவது பற்றியது. புதிதாகப் பெற்றோர் ஆனவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நாடு மாறியவர் எல்லோரும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறார்கள்.

அங்கே என்ன நடக்கும்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். "இங்கே வந்ததில் எதையெல்லாம் இழந்தீர்கள்?" என்று ஆலோசகர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். பிறகு, "அங்கே என் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை" என்றேன், அவ்வளவுதான், உடைந்துபோனேன். ஊரில் நான் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஊரே வைத்திருந்தது. அந்த ஆள் இல்லாமல் போய்விட்டான், அவனுக்காக யாரும் துக்கம் கேட்டு வரவில்லை. அதன் பிறகு பல வாரம் பழைய வாழ்க்கையில் நல்லது எது, கெட்டது எது, இங்கே எது என்று பொறுமையாகப் பிரித்துப் பார்த்தோம். ஊரில் எனக்குப் பிடிக்காததும் நிறைய இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது!

இவர் எனக்கு இரண்டாவது ஆள். முதலில் பார்த்தவரிடம் இரண்டு தடவை போய் நின்றுவிட்டேன். நேரம் முழுக்க எங்கள் குடும்பம் எப்படி இயங்கும் என்று பாடம் எடுப்பதிலேயே போனது. இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டி நான்கு மாதத்தை வீணாக்கினேன். அது தவறு. எந்த முறை என்பது மட்டுமல்ல, பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒத்துப்போகிறதா என்பதும் பலனுக்கு முக்கியம். ஒத்துப்போகாவிட்டால் அவரிடமே சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தமிழில் பேசுகிறவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அழுகை வரும் இடங்களை முதலில் தமிழில் சொல்லிவிட்டு அப்புறம் மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்க்கச் சொந்தக்காரரை மட்டும் கூட்டிப்போகாதீர்கள், பாதியை விழுங்கிவிடுவீர்கள்.

உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். மருந்து தேவைப்பட்டால் அது மருத்துவரின் வேலை, ஆலோசகருடையது அல்ல. ரகசியம் பற்றி முதல் நாளே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் பொதுவாக உண்டு. அலுவலகம் வழியாகப் போனால், அலுவலகத்துக்கு என்ன தகவல் போகும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சரி, நடையும் தியானமும். நடை நிச்சயம் உதவும், விடாதீர்கள். தியானம் சிலருக்கு உதவும். எனக்கு அந்த நாட்களில் கண்ணை மூடினால் கவலைதான் பெருகியது. தூக்கத்துக்கு நான் கற்றுக்கொண்டது இது: எழும் நேரத்தை மாற்றாதீர்கள், விடுமுறையிலும். இருபது நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் படுக்கையை விட்டு எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்ததும் திரும்பிப் போங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தூக்கத்துக்காகக் குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்; மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் இரவின் பிற்பாதியைக் கலைத்துவிடும்.

ஞாயிறு சாயங்காலத்துக்கு நான் இரண்டு வேலை செய்தேன். ஊருக்குப் போன் பேசுவதைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினேன். பேசி முடித்ததும் விழும் அமைதிதான் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. ஐந்து மணிக்கு, பிடிக்கிறதோ இல்லையோ, இன்னொரு மனிதர் காத்திருக்கும்படி ஏதாவது ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டேன். மனசு சரியான பிறகு போகலாம் என்று இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு நாள் வந்தாலும், அன்றே மருத்துவரையோ அவசர உதவி எண்ணையோ அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

மற்றபடி, நேரம் வாங்கப் போனில் பேசக் கூச்சமாக இருந்தால் மின்னஞ்சல் போதும். நான் அனுப்பியது இவ்வளவுதான்: "இந்த நாட்டுக்குப் புதிது. தூக்கமில்லை. யாரிடமாவது பேச வேண்டும்." மறுநாளே பதில் வந்தது.